சும்மாடும் மூன்று ராஜாக்களும்

நாலாம் வகுப்பு தமிழ் டிவிஷனில் என்னோடு இருந்தவர்களே, நமக்கெல்லாம் காதோரம் நரைக்கத் தொடங்கிவிட்டது. போன மாதம் நம்மில் ஒருவனைத் திருவனந்தபுரம் கிழக்கேகோட்டை பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். முட்டைக்கடைக்காரர் மகன். இப்போது கடை அவனுடையது. பேச்சுவாக்கில், நமக்கு ஸ்பானிஷ் சொல்லித் தந்த டீச்சரை நினைவிருக்கிறதா என்று கேட்டேன். “போடே. நமக்கு இங்கிலீஷே கெடையாது, பின்ன எங்கேர்ந்து ஸ்பானிஷ்?” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டான். அவன் மறந்தது எனக்கு வருத்தமில்லை. ஆனால் ஒருவரும் சொல்லாமல் போனால் அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று ஆகிவிடும். அதனால் எழுதுகிறேன்.

பள்ளிக்கூடம் சாலை என்று பெயர் கொண்ட கடைத்தெருவிலிருந்து பிரியும் சந்தில் இருந்தது. வாசலுக்கு நேர் எதிரே அரிசி மண்டி. அங்கேதான் என் அப்பா மூட்டை இறக்கினார். இரண்டு கடை தள்ளி வத்தல் கிடங்கு. அங்கே என் அம்மா மற்ற பெண்களோடு உட்கார்ந்து மிளகாய் வத்தலுக்குக் காம்பு கிள்ளினாள். காற்று அந்தப் பக்கமிருந்து வீசினால் வகுப்பு முழுக்கத் தும்மல். புளி, ஈரச் சாக்கு, வத்தல், கருப்பட்டி என்று எல்லா வாசனையும் சேர்ந்ததுதான் எனக்கு இன்றைக்கும் படிப்பின் வாசனை. சாலைத் தெருவைக் கடக்கும்போதெல்லாம் பெருக்கல் வாய்ப்பாடு தானாக நாக்கில் வருகிறது.

நமக்கும் மலையாளம் நாலாம் வகுப்புக்கும் நடுவில் ஒரு மூங்கில் தட்டிதான். அந்தப் பக்கம் சொல்வது இந்தப் பக்கம் கேட்கும். தமிழர்கள் என்பதால் அவர்கள் நம்மைக் கேலியாகப் பாண்டி என்பார்கள். அதில் பெரிய பகை ஒன்றும் கிடையாது. ஆனால் தினமும் கேட்டால் அது நம் பெயர் மாதிரி ஆகிவிடும். மலையாளத்தில் பேசினால் நம் உச்சரிப்புக்குச் சிரிப்பார்கள். தமிழில் பேசினால் எதற்கென்று தெரியாமலே சிரிப்பார்கள்.

ஓண விடுமுறை முடிந்து வந்தபோது நம் பழைய டீச்சர் பிரசவத்துக்குப் போயிருந்தார். அந்த இடத்துக்குத் தினக்கூலிக்கு வந்தவர்தான் இவர். கோட்டைக்குள் அக்ரகாரத்துப் பெண். சன்னமாக, உயரமாக, தோளில் துணிப்பை. கல்யாணமாகிக் கணவரோடு மெக்ஸிகோ என்ற நாட்டில் சில வருடம் இருந்தவர், தனியாகத் திரும்பி வந்துவிட்டார் என்பது அவர் வந்த அன்றே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் கஞ்சி வைக்கும் அம்மா அகப்பையால் வகுப்புப் பக்கம் காட்டி, “புருஷன விட்டுட்டு வந்தவளாக்கும். இங்கயும் எத்தன நாள் நிப்பாளோ” என்றாள். விட்டுவிட்டு வருவது என்றால் பஸ்ஸில் குடையை விட்டுவிட்டு வருவது போல ஏதோ என்று நான் நினைத்துக்கொண்டேன். மதியம் அவர் நம்மோடு வராந்தாவில் சம்மணமிட்டு உட்கார்ந்து அதே கஞ்சியையும் பயறையும் சாப்பிட்டார். அதைப் பார்த்த பிறகு கஞ்சி அம்மா அவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்குப் பயறு மட்டும் ஒரு கரண்டி கூடுதலாக விழும்.

பின்னாளில் வேலைக்காக வடக்கே போய், நாள் முழுக்கத் தமிழ் பேச ஆளில்லாமல் இருந்தேன். அறைக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு, சும்மா “தண்ணி, சோறு, குழம்பு” என்று சொல்லிப் பார்ப்பேன். அப்போது அவரை நினைத்தேன். ஒரு முழு பாஷையை மனசில் வைத்துக்கொண்டு அக்ரகாரத்து வீட்டில் அவர் யாரிடம் பேசியிருப்பார்? பெரியவர்கள் அவர் எதை விட்டுவிட்டு வந்தார் என்றே பேசினார்கள். எதைக் கொண்டுவந்தார் என்று கேட்கவில்லை.

சித்திரம் வரைய டீச்சர் இல்லாததால் கடைசி பீரியட் சும்மா கிடந்தது. அந்த நாட்டுப் பாஷையான ஸ்பானிஷைச் சொல்லித் தர அதை அவர் கேட்டார். ஆபீஸ் அறைக்கும் ஒரு தட்டிதான் மறைப்பு என்பதால் நாம் எல்லோரும் காதை வைத்துக் கேட்டோம்.

“இங்கிலீஷே வராத்த பிள்ளேருக்கு எந்தினா டீச்சறே ஸ்பானிஷ்?” என்றார் தலைமை ஆசிரியர். அவர் மலையாளி. கடுமையானவர் இல்லை, களைத்தவர்.

“இங்கிலீஷ்ல இவா எல்லாருக்கும் பின்னாடி நிக்கறா சார். மலையாளத்துல தட்டிக்கு அந்தாண்ட இருக்கறவாளுக்குப் பின்னாடி. ஸ்பானிஷ்ல இவாளுக்கு முன்னாடி ஒருத்தருமே கெடையாது.”

தலைமை ஆசிரியர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளும் சத்தம் கேட்டது.

“செரி. பக்ஷே, ஒரு அப்பனோ அம்மையோ பராதி சொன்னா அன்னு நிறுத்தணும். ஒரே ஒரு பராதி மதி.”

பராதி என்றால் புகார், மதி என்றால் போதும். நம் வீடுகளில் யாரும் பள்ளிக்கூடத்துக்கு வந்து புகார் சொல்கிற ஆட்கள் இல்லை. எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள். அதனால் நமக்குப் பயமில்லை.

முதல் நாள் பாடம் எண்கள். டீச்சர் மேஜைமேல் குன்றிமணி மாதிரி இருக்கும் மஞ்சாடி முத்துகளைக் கொட்டினார். சிவப்பாக உருண்டன. ஒன்றை எடுத்து உயர்த்தி, “ஊனோ” என்றார்.

“லாபம்” என்றது வகுப்பு.

அவருக்குப் புரியவில்லை. மறுபடி தூக்கினார். “ஊனோ.” மறுபடி, “லாபம்.”

நாம் குறும்பு செய்யவில்லை. சாலையில் பிறந்த பிள்ளைக்கு முதல் அளவு லாபம்தான். அரிசி அளந்தாலும், மூட்டை இறக்கினாலும், முட்டை எண்ணினாலும், முதலாவதை ஒன்று என்று சொல்வதில்லை. லாபம், ரெண்டு, மூணு. கையில் ஒன்றைத் தூக்கிக் காட்டினால் வாய் தானாக அதைத்தான் சொல்லும். முட்டைக்கடை மகன் எழுந்து நின்று விளக்கினான். “ஒண்ணுன்னு ஆரம்பிச்சா கணக்கு வெளங்காது டீச்சரே.”

டீச்சர் சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நாம் பார்த்தது அதுதான் முதல் தடவை. “எங்காத்துலயும் அரிசி அளக்கச்சே அப்படித்தான் சொல்லுவா. நான்தான் மறந்துட்டேன். சரி, நம்ம கிளாஸ்ல லாபத்துலேர்ந்தே ஆரம்பிக்கலாம். லாபம், தோஸ், த்ரேஸ், குவாத்ரோ, சிங்கோ.”

சொல்லித் தருகிறவர் தப்பைத் திருத்துவார் என்றுதான் நமக்குத் தெரியும். தப்புக்கு ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தவரை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. ஊனோ என்பதுதான் சரி என்று அவர் கரும்பலகையில் தனியாக எழுதியும் வைத்தார். நாம் இரண்டையும் கற்றோம்.

அந்த வருடம் தெருவில் உலகக் கோப்பைக் கால்பந்துக் காய்ச்சல் அடித்து ஓய்ந்திருந்தது. மின்கம்பங்களில் நீலமும் வெள்ளையுமான கொடிகள் மழையில் சாயம் போய்த் தொங்கின. அந்தக் கொடிக்குரிய நாட்டு ஆட்டக்காரர்கள் பேசுகிற பாஷைதான் இந்தப் பாண்டிகள் படிக்கிற பாஷை என்ற செய்தி தட்டியைத் தாண்டியது. பிறகு மலையாளம் வகுப்பில் கடைசி பீரியட் அமைதியாகிவிட்டது. தட்டியின் ஓட்டைகளில் கண்கள். ஒரு வாரத்தில் மைதானத்தில் குட்டியும் கோலும் என்கிற கிட்டிப்புள் ஆடும்போது அவர்களும் “லாபம், தோஸ், த்ரேஸ்” என்று எண்ணினார்கள். லாபம் என்பதும் ஸ்பானிஷ் என்று நினைத்தார்கள். நாம் ஒருவரும் திருத்தவில்லை. இன்றைக்கும் திருவனந்தபுரத்தில் எங்கோ அலுவலகங்களில் உட்கார்ந்திருக்கும் சிலர் அப்படியே நம்பிக்கொண்டிருக்கலாம்.

வீடு என்பதற்கு காஸா என்றார். அந்த ஊரில் விருந்தாளியிடம், என் வீடு உங்கள் வீடு என்று சொல்வார்களாம். நாம் சேர்ந்து சொன்னோம். பூக்காரி மகள் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

“ஏன்டி, சொல்லலையா?”

“எங்க வீடு ஒத்த முறி டீச்சரே. ஒரு ரூமுக்குள்ள அஞ்சு பேரு. நீங்க வந்தா அப்பா வெளிய போவணும்.”

“போகட்டும். நான் வரச்சே அவர் ஒரு டீ குடிச்சுட்டு வரட்டும்” என்றார் டீச்சர். அடுத்த ஞாயிற்றுக்கிழமை உண்மையாகவே அந்த வீட்டுக்குப் போனார். அவள் அப்பா வெளியே போய் டீ குடித்தார். திங்கட்கிழமை பூக்காரி மகள் அந்த வாக்கியத்தை வகுப்பிலேயே உரக்கச் சொன்னாள்.

ஒருநாள் நம்மைக் கடைத்தெருவுக்கு அழைத்துப் போனார். படம் காட்டப் புத்தகம் இல்லை, அதனால் சாமானையே பார்ப்போம் என்றார். தக்காளிக் கூடை அருகே நின்று தொமாத்தே என்றார். உந்துவண்டியில் வறுத்துக்கொண்டிருந்த கப்பலண்டியைக் காட்டி, இதற்கு நம் ஊரில் ஏன் இந்தப் பெயர் என்று கேட்டார். நமக்குத் தெரியவில்லை. கப்பலண்டி என்றால் நிலக்கடலை, அவ்வளவுதான்.

“கப்பல்ல வந்த கொட்டைடா. அந்தப் பக்கத்து நாடுகள்லேர்ந்து வந்தது. மிளகாயும் அப்படித்தான், தக்காளியும் அப்படித்தான். நீங்க என்னமோ இன்னிக்குப் புதுசாப் படிக்கறோம்னு நெனைக்கறேள். அந்த ஊரைத் தினமும் தின்னுண்டுதான் இருக்கேள்.”

அடுத்து வத்தல் கிடங்கு. நுழைந்ததும் வகுப்பு மொத்தமும் தும்மியது. பெண்கள் முக்காட்டுத் துணியை விலக்கிச் சிரித்தார்கள். என் அம்மா கடைசியில் இருந்தாள். டீச்சர் ஒரு வத்தலை எடுத்து, சிலே என்றார். இது பிறந்த ஊர் மெக்ஸிகோ பக்கம் என்று பெண்களிடமும் சொன்னார். என் அம்மா முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

“அந்த ஊரு பொம்பளையளுக்கும் கை எரியுமா டீச்சரே?”

“எரியும்மா. அங்கயும் இப்படித்தான் கூட்டமா ஒக்காந்து காம்பு கிள்ளுவா. நான் பாத்திருக்கேன்.”

“எரிச்சலுக்கு என்ன போடுவாவ?”

டீச்சர் யோசித்தார். “அதைக் கேக்காம வந்துட்டேனே.”

“நாங்க தேங்காண்ணெ போடுவோம். ஆரையாது கண்டா சொல்லுங்க” என்றாள் அம்மா.

அன்றிரவு சோறு போடும்போது அம்மா தானாகவே, “கொள்ளாம் அந்த டீச்சர்” என்றாள். அம்மா ஒருவரை நல்லவர் என்று சொல்வது ஆடிக்கொருதரம். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவர் எப்போதும் ஒன்றும் சொல்வதில்லை. வேலை முடிந்து வந்து குளித்து, சாப்பிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிடுவார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து அன்றைய ஸ்பானிஷை உரக்கச் சொல்லிப் பார்ப்பேன். விடிகாலை லோடு உண்டு, பேசாமல் படி என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. தூங்கிவிட்டார் என்று நினைத்துக்கொள்வேன்.

அவர் தலைக்கு மேலே ஆணியில் சும்மாடு தொங்கும். சுமை தூக்குகிறவர்கள் தலையில் வைக்கும் துணிச்சுருள். மற்றவர்கள் துண்டை முறுக்கி அப்போதைக்கு வைத்துக்கொள்வார்கள். அப்பாவுடையது தைத்து முடித்தது. பழைய நீலச் சட்டையும் சாக்குத் துணியும் சுற்றி, கயிறு போட்டு இறுக்கி, நடுவில் குழியோடு ஒரு பறவைக்கூடு மாதிரி இருக்கும். தவிடும் வியர்வையும் கலந்த வாசனை. சின்ன வயதில் ஒருநாள் அதை எடுத்து என் தலையில் வைத்து, வீட்டுக்குள் மூட்டை தூக்கி விளையாடினேன். அப்பா என்னை அடித்தது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். “இது உன் தலையில ஏறப்படாது. கேட்டியா? தொடவே தொடாத.” மறுவாரம் என்னை முதல் வகுப்பில் சேர்க்கச் சொல்லி அம்மாவை அனுப்பினார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அவர் பள்ளிக்கூட வாசலுக்கு எதிரிலேயே நாள் முழுக்க நின்றார். ஆனால் உள்ளே ஒரு அடி வைத்ததில்லை.

கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து திறந்த வாரம் அந்தக் கதை வந்தது. கிறிஸ்துமஸ் குடிலான புல்கூட்டில் ஒட்டகத்தோடு நிற்கும் மூன்று ராஜாக்களை நமக்குத் தெரியும். அந்த ஊரில் குழந்தைகளுக்குப் பரிசு கொண்டுவருவது அவர்கள்தானாம்.

“பசங்கள்லாம் ஷூவைத் துடைச்சு வாசல்ல வச்சுடுவா. பக்கத்துல ஒட்டகத்துக்குப் புல்லும் தண்ணியும். ராஜாக்கள் ஷூவைப் பாத்து, ஓஹோ இது இன்னார் குழந்தைன்னு தெரிஞ்சுண்டு, அதுக்குள்ள மிட்டாய் வச்சுட்டுப் போவா.”

வகுப்பு முகம் சுளித்தது.

“செருப்புக்குள்ளயா? திங்கதையா?” என்றான் முட்டைக்கடை மகன். “எங்க தெருவுல அப்படிக் குடுத்தா அடிதடியாக்கும்.”

“தெரியும்டா. மொதல் வருஷம் நானும் மூஞ்சியைச் சுளிச்சேன்.” அப்படிச் சொன்னபோது அவர் பார்வை ஒரு முறை பெஞ்சுக்கு அடியில் நம் கால்களின்மேல் போய்த் திரும்பியது. நம்மில் பாதிப் பேருக்குச் செருப்பே இல்லை. நான் அதை அன்று கவனிக்கவில்லை. இன்று அந்தப் பார்வை மட்டும் தெளிவாகத் தெரிகிறது. “சரி, நம்மூர்ல எதுல வைக்கறது? நீங்களே சொல்லுங்கோ. ஒண்ணுதான் முக்கியம். ராஜா பாத்த ஒடனே யார் குழந்தைன்னு தெரியணும்.”

டம்ளர் என்றான் ஒருவன். எல்லா டம்ளரும் ஒன்றுபோல இருக்கும். பை என்றாள் ஒருத்தி. எல்லோரிடமும் அதே ஜவுளிக்கடை மஞ்சள் பை. அப்போதுதான் பூக்காரி மகள் சொன்னாள்:

“சும்மாடு.”

“அது எப்படிடீ?”

“எங்க அம்மைக்க சும்மாடு பச்சச் சேலக் கிழிசல். மீன்காரி அக்காவுக்க சும்மாடு ஓலை. லோடுகாரவியளுக்கது சாக்கு. ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது டீச்சரே. தெருவுல கெடந்தாலும் ஆருக்கதுன்னு சொல்லிப்போடலாம்.”

டீச்சர் கையால் காற்றில் ஒரு குழி செய்து பார்த்தார். “நடுவுல பள்ளமா இருக்கும், இல்லையோ? வச்சது உருளாது.” அவர் முகம் மலர்ந்தது. “ஆத்துல கேட்டுண்டு கொண்டுவாங்கோ. கேக்காம எடுக்கப்படாது.”

எல்லோரும் கத்தினார்கள். நான் மட்டும் சும்மா இருந்தேன். எல்லோருடையதும் வாசலில் இருக்க, என்னுடையது மட்டும் இல்லாமல், ராஜாக்கள் என்னைத் தாண்டிப் போவது கண்ணுக்குத் தெரிந்தது.

சாயங்காலம் அப்பா டீக்கடைக்குப் போயிருந்தார். அம்மாவிடம் சொன்னேன். ராஜா, ஒட்டகம், செருப்பு, எல்லாம். அம்மா செருப்பு என்றதும், “சீ” என்றாள். சும்மாடு என்றதும் ஆணியைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு ஏறி எடுத்து, காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள்.

“கையில கொண்டு போ. தலையில வச்சிராத. காலையில அவிய கேட்டா நான் சொல்லிக்கிடுதேன்.”

இருட்டுவதற்குள் எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வந்து, வராந்தாவில் வரிசையாக வைத்தோம். பச்சை, ஓலை, சாக்கு, கட்டம் போட்ட லுங்கித் துணி. நடுவில் அப்பாவின் நீலம். முன்னால் ஒரு கட்டுப் புல். கஞ்சி அம்மாவின் அலுமினியச் சட்டியில் தண்ணீர்.

மறுநாள் காலை மணியடிப்பதற்கு வெகுநேரம் முன்பே எல்லோரும் வந்துவிட்டோம். ஒவ்வொரு சும்மாட்டிலும் ஒரு ஆரஞ்சும் காகிதத்தில் பொதிந்த கப்பலண்டி மிட்டாயும் இருந்தன. புல் ஒரு துணுக்கு மிச்சமில்லை. சட்டியில் தண்ணீர் பாதிதான் இருந்தது. சாலையில் அவிழ்த்துவிட்ட ஆடுகள் எத்தனை உண்டு என்று நம் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் ஆட்டின் பெயரை எடுக்கவில்லை. டீச்சர் தூணில் சாய்ந்து நின்று, மெக்ஸிகோவிலும் இதே மிட்டாய் உண்டு, அங்கே பலங்கேத்தா என்பார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போது அப்பா வாசலைத் தாண்டி உள்ளே வந்தார்.

ஒரு லாரி இறக்கிவிட்டு நேராக வந்திருந்தார். அம்மா அவரிடம் எவ்வளவு சொன்னாளோ தெரியாது. சும்மாடு இல்லாமல் வெறும் துண்டை வைத்துத் தூக்கியதில் நெற்றியும் பிடரியும் சிவந்திருந்தன. வராந்தாவில் ஏறவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் கீழே மண்ணில் நின்றார்.

“மேல வாங்கோ” என்றார் டீச்சர்.

“இங்கயே நிக்கேன். டீச்சரே, இவன் தலையில அது ஏறப்படாதுன்னுதான் இங்க அனுப்புதேன். நீங்க அதையே எடுத்துட்டு வரச் சொன்னியளாமே. சுமட்டுக்காரன் பிள்ளைக்கு அதான் படிப்புன்னு நெனச்சியளா?”

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. டீச்சரின் முகம் வெளுத்துப்போனதை நான் பார்த்தேன். அவர் அப்படி ஒரு பக்கத்தை நினைத்தே பார்க்கவில்லை.

“நான்தான் சொன்னேன்” என்றார். “நான் யோசிக்கலை. தப்புதான்.”

“டீச்சர் சொல்லல, நாந்தான் சொன்னேன்” என்றாள் பூக்காரி மகள். அவளை யாரும் பார்க்கவில்லை.

அப்பா என்னைப் பார்த்தார். “தலையில வச்சியால?”

“இல்லப்பா. கையிலதான் கொண்டுவந்தேன்.”

“பின்ன எதுக்கு?”

ஆபீஸ் அறையின் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. தலைமை ஆசிரியர் வருகிறார். ஒரே ஒரு பராதி மதி. நான் அவசரமாகச் சொன்னேன்.

“ராஜாக்கமாரு வந்தா நான் ஆரு பிள்ளன்னு தெரியணும்லாப்பா. அங்க செருப்பப் பாத்துத் தெரிஞ்சுக்கிடுவாவ. இங்க ஒங்க சும்மாடப் பாத்தா எல்லாருக்கும் தெரியும்லா.”

அப்பா வரிசையைப் பார்த்தார். நீலச் சுருளுக்குள் ஆரஞ்சு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தார். எத்தனையோ ஊர் அரிசி அதன்மேல் ஏறி இறங்கியிருக்கிறது. அதற்குள் எங்களுக்கென்று ஒன்று இருந்து அவர் பார்த்திருக்கமாட்டார். இது இன்று நான் சொல்வது. அன்று எனக்கு அவர் கண் இமைக்காமல் நின்றது மட்டும்தான் தெரிந்தது.

“எந்தா பிரஸ்னம்?” தலைமை ஆசிரியர் வந்துவிட்டார். “பராதி எந்தெங்கிலும் உண்டோ?”

டீச்சர் தரையைப் பார்த்தார். நாம் எல்லோரும் அப்பாவைப் பார்த்தோம்.

அப்பா ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொண்டார். “பராதி ஒண்ணுமில்ல சாறே. இங்க ஒட்டகம் வந்து போயிருக்கு.”

“ஒட்டகமோ?”

“ஆமா. புல்லு முழுசும் தின்னுட்டு. தண்ணிதான் மிச்சம் வச்சிருக்கு. சட்டி கொஞ்சம் பெருசா வச்சிருக்கலாம். ஒட்டகத்துக்குத் தல பெருசுல்லா, உள்ள போவல.”

முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. தலைமை ஆசிரியர் சட்டியைப் பார்த்தார், நம்மைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார். “செரி செரி” என்று சொல்லிவிட்டு ஆபீஸுக்குத் திரும்பிப் போனார்.

அப்பா முதல் தடவையாக வராந்தாவில் ஏறினார். ஆரஞ்சையும் மிட்டாயையும் எடுத்து என் கையில் வைத்தார். சும்மாட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டார். டீச்சரைக் கடந்து இறங்கும்போது துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். மண்டி முதலாளி முன்னால்கூட அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

பீரியட் நின்றுபோகவில்லை. வருடக் கடைசிவரை நடந்தது. பிறகு பழைய டீச்சர் குழந்தையைப் பெற்றுக்கொண்டு திரும்பி வந்தார், இவர் போய்விட்டார். சென்னையில் இருக்கிறார் என்றார்கள், மறுபடி அந்த நாட்டுக்கே போய்விட்டார் என்றும் சொன்னார்கள். எங்கே இருந்தாலும் ஒரு வகுப்பில்தான் இருப்பார். அந்தத் தட்டியை எடுத்துவிட்டுச் செங்கல் சுவர் கட்டிவிட்டார்கள். இப்போது இந்தப் பக்கம் சொல்வது அந்தப் பக்கம் கேட்காது. நமக்கு அவர் தந்த வார்த்தைகளில் பெரும்பாலானவை போய்விட்டன. ஆனால் புது ஊரில், புது அலுவலகத்தில், எல்லோரும் எனக்கு முன்னால் நிற்கிறார்கள் என்று தோன்றும்போதெல்லாம், ஒருவருமே முன்னால் இல்லாத ஒரு பாஷையில் நான் ஒரு காலத்தில் நின்றிருக்கிறேன் என்பது நினைவுக்கு வரும். அது போதுமானதாக இருந்திருக்கிறது.

அன்று காலைக்குத் திரும்புகிறேன். நாம் எல்லோரும் கேட்டில் தொற்றிக்கொண்டு நின்றோம். எதிரே அடுத்த லாரி வந்து பின்பக்கம் திறந்திருந்தது. கணக்குப்பிள்ளை சுண்ணாம்புக் கட்டியோடு பலகைக்கு அருகில் நின்றார். ஒவ்வொரு மூட்டையும் இறங்கும்போது தூக்குகிறவர் எண்ணைச் சொல்ல வேண்டும், இவர் கோடு போட வேண்டும். அது மண்டி வழக்கம்.

அப்பா சும்மாட்டைத் தலையில் வைத்து ஒருமுறை அழுத்தினார். முதல் மூட்டை ஏறியது.

“லாபம்” என்றார். கணக்குப்பிள்ளை கோடு போட்டார்.

மூட்டையைப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தார். நம் பக்கம் பார்க்கவில்லை. இரண்டாவது மூட்டை ஏறியது.

“தோஸ்.”

கணக்குப்பிள்ளையின் கை நின்றது. “என்னடே?”

“ரெண்டுதான். கோடு போடும்” என்றார் அப்பா.